ஆறு கோடு

எங்கள் கால்நடை வைத்தியர்கள் வெளியிடும் ஆண்டு மலருக்கு நாய்களின் நீரிழிவு பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். இப்போது மட்டக்களப்பில் நாய் வளர்ப்பவர் சிலரின் வீட்டிலேயே இரத்தச் சீனி பார்க்கும் கருவி இருக்கிறது. பேனா போன்ற ஊசியும் வந்துவிட்டது. எண்ணைத் திருப்பி வைத்து அமத்தினால் அளவு தவறாது. "கரண்டும் இல்லாத காலத்தில இதை எப்பிடிச் சமாளிச்சீங்க சேர்?" என்று கேட்டார், இன்று என் கதிரையில் இருக்கும் டொக்டர். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை ஒழுங்காக எழுதுவதென்றால், நான் ஒரு நாயின் சாவுக்குக் காரணமானதையும், அந்தப் பழியை ஒரு பெண்ணின் கண்மீது போட்டதையும் எழுதாமல் விட முடியாது.

பேராதனையில் படித்த காலத்தில் இந்த நோய்க்கு ஒரு விரிவுரை ஒதுக்கினார்கள். அதில் பாதியை நான் தூங்கிக் கழித்தேன். முதல் நியமனம் உன்னிச்சை. குளத்துக்குக் கீழே வட்டை வட்டையாக வயல், எங்கள் வேலை மாடும் எருமையும். அங்கே என் மேலதிகாரி டொக்டர் ஞானமுத்து. நெடிய மனிதர். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, சேறு பட்டால் அன்றே கழுவி வெயிலில் வைப்பார். எவரிடமும் "விளங்கிச்சா?" என்று கேட்க மாட்டார். நான் கேட்டால் பிடிக்காது.

"விளங்கிச்சா எண்டு கேட்டா எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க ஐசே. செய்து காட்டச் சொல்லணும்."

குளத்து வேலைக்கு வந்திருந்த ஒரு பொறியியலாளரின் நாய்தான் நான் கண்ட முதல் நீரிழிவு. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது, நன்றாகச் சாப்பிட்டது, ஆனால் விலா எலும்பு தெரிந்தது. ஞானமுத்து நாயைத் தொடவில்லை. நேரே பின்வளவுக்குப் போய், அது மூத்திரம் பெய்த மதிலடியில் குந்தினார். சீனியைக் கண்டதுபோல் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

"நம்மளவிட முந்தி எறும்பு ரிப்போர்ட் எழுதிட்டுது" என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் இன்றும் அப்படியே சொல்ல முடியும். இன்சுலின் குப்பியைக் குலுக்கக்கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும், பால் நிறம் ஒரே சீராக வரும்வரை. நாய் முதலில் சாப்பிட வேண்டும், ஊசி பிறகு. சாப்பிடாவிட்டால் முழு அளவும் போடக்கூடாது. காலையிலும் பின்னேரத்திலும் ஒரே நேரம், ஒரே சாப்பாடு. கழுத்துக்குப் பின்னே தளர்ந்த தோலைக் கூடாரம்போல் தூக்கி அதன் அடியில் குத்த வேண்டும், இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். நாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ சீனிக் கரைசலைப் பல்முரசில் தேய்த்துவிட்டு உடனே ஆளனுப்ப வேண்டும். சொல்லி முடித்ததும் பொறியியலாளர் கையில் ஒரு கத்தரிக்காயைக் கொடுத்துப் பத்துத் தரம் ஊசி போட வைத்தார். "இனி நீங்கதான் டொக்டர். நான் கொம்பவுண்டர்" என்றார். அந்தப் பெரிய மனிதர் பள்ளிப் பிள்ளை மாதிரிக் கத்தரிக்காயைக் குத்திக்கொண்டிருந்தார்.

ஞானமுத்துவிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. மருந்தின் அளவை அலகாகத்தான் சொல்ல வேண்டும், வேறு சொல்லால் சொல்லக்கூடாது. புதுக் குப்பியோ புது ஊசிப் பெட்டியோ கொடுத்தால், அந்த ஆள் எத்தனை வருடம் பழகியவராக இருந்தாலும், அதில் ஒருமுறை எங்கள் கண்முன்னே இழுத்துக் காட்ட வேண்டும். முதலாவது சட்டத்தை நான் ஒரு சிரிப்புக்காக விட்டேன். இரண்டாவதை அவசரத்துக்காக விட்டேன்.

சுனாமியாகக் கடல் வந்த அந்த வருடத்தின் தொடக்கத்தில் நான், வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரையின் தெற்குப் பக்கம் மாற்றலாகி வந்திருந்தேன். பெரியகல்லாற்றில் பூரணம் என்ற தையல்காரி தன் நாயைக் காட்டக் கூப்பிட்டனுப்பினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் பல வருடங்களுக்கு முன் கடலில் போய்விட்டார். ஒரே மகன் சசி. ஆயுதம் வைத்திருந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் கேட்ட காலம் அது. பதினேழு வயதில் அவனை வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் குட்டியிலிருந்து வளர்த்த பெட்டை நாய் ராணி. அதற்கு எட்டு வயது.

தையல் மெசினின் காலடியில் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. எனக்கு உள்ளே நுழைந்ததுமே விளங்கிவிட்டது. ராணியின் ஒரு கண்ணிலும் வெள்ளை விழத் தொடங்கியிருந்தது.

"இது சாகுமா டொக்டர்?"

"மருந்து போட்டா சில வருஷம் இரிக்கும். போடாட்டி இரண்டு மூண்டு மாசம். ஆனா காலையும் பின்னேரமும் ஊசி, ஒரு நாளும் விட ஏலா."

"விடமாட்டன். அவன் வந்து கேட்டா நான் நாயைக் காட்டணும். போகக்குள்ள அது ஒண்டுதான் சொன்னவன், ராணியப் பாத்துக்க அம்மா எண்டு."

ஞானமுத்து செய்தது போலவே எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கத்தரிக்காயும் குத்த வைத்தேன். கடைசியில், "காலையில ஆறு அலகு, பின்னேரம் ஆறு அலகு" என்றேன்.

பூரணம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நாய்க்கு அலகு குத்தவா போறீங்க? இது எந்தக் கோயிலுக்கு நேர்ந்தது?"

சட்டை அளவு கொடுக்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண், "காவடியும் எடுக்கச் சொல்லு கா, திருவிழா கிட்டத்தான்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

பூரணம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஊசியை வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தக் கோட்டத்தானே சொல்லுறீங்க? அப்ப ஆறு கோடு எண்டு சொன்னா என்ன? நான் அளவுநாடாவோட சீவிக்கிறவள், கோடு எண்டா எனக்குப் பிழைக்காது."

அந்த ஊசியில் ஒரு கோடு என்பது ஓர் அலகுதான். ஆகவே அன்று அது பொய்யில்லை. ராணியின் அட்டையில் "6 கோடு" என்று நானே எழுதினேன். பிறகு தேற்றாத்தீவிலும் மற்ற ஊர்களிலும் நீரிழிவு நாய் வந்தபோதெல்லாம் கோடு என்றே சொன்னேன். சனங்களுக்கு விளங்கும்படி பேசத் தெரிந்த டொக்டர் என்று பெயரும் எடுத்தேன்.

பூரணத்தின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஒரு மண்முட்டியில் ஈர மணலை நிரப்பி, அதன் நடுவே சின்னப் போத்தலுக்குள் இன்சுலின் குப்பியை வைத்து, மேலே நனைத்த சாக்கு போட்டு, காற்றுப் படும் மூலையில் வைத்தோம். இளைய டொக்டர் கேட்ட விடயம் இதுதான். இது சாதாரண வெயிலுக்கு ஒரு மாதம் தாங்கும். அட்டையில் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சரி அடையாளம் போடச் சொன்னேன். அந்த வருடம் முழுக்க ஓர் இடம்கூட வெறுமையாக இருக்கவில்லை. ராணி உடம்பு பிடித்தது.

பிறகு கடல் வந்தது. எனக்குச் சொந்தக்காரர் இருவரை நானே புதைத்தேன். அதை எழுத இது இடமில்லை. பூரணத்தின் வீடு, மெசின், மணல் முட்டி, கண்ணாடி எல்லாம் போயின. அவர் ஒரு பனைமரத்தில் தொங்கித் தப்பியவர். மூன்றாம் நாள் ராணி தானாக வாவிப்பக்கத்துப் பாடசாலை முகாமுக்கு வந்து, அவரைத் தேடிப் பிடித்தது. ஊசி விடுபட்டதால் வாயில் அழுகிய பழ வாசம் அடித்தது. இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் கேட்டு ஒரு குப்பி இன்சுலின் எடுத்துக் கொடுத்தேன். என் பையில் மிச்சமிருந்த பழைய ஊசிகளையும் கொடுத்தேன். செம்மஞ்சள் மூடி போட்டவை. முகாமின் பின்பக்கத்தில் இன்னொரு மணல் முட்டி வைத்தார் பூரணம். இரண்டு கிழமையில் ராணி திரும்பவும் எழும்பி நடந்தது. அதைப் பார்க்க முகாமில் உள்ளவர்கள் வருவார்கள். தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், ஒரு கண் வெள்ளையான கிழட்டு நாய்க்கு ஊசி போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவரும் ஏளனம் செய்ததில்லை.

ஊசிகள் முடியப்போனபோது நிவாரணப் பொருட்கள் குவித்திருந்த அறையில் தேடினேன். எந்த நாட்டு எழுத்தென்று தெரியாத பெட்டி ஒன்று கிடைத்தது. இன்சுலின் ஊசி என்பது பார்த்ததும் தெரிந்தது. மூடி சிவப்பு. அன்று எனக்கு மாட்டுச் சடலங்கள் எரிக்கும் வேலையும், தெருநாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடும் வேலையும் இருந்தன. ஜீப்பை விட்டு இறங்காமல், யன்னலால் பெட்டியை நீட்டினேன்.

பூரணம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மூடி சிவப்பாக் கிடக்கு. ஆளும் கொஞ்சம் மொத்தம்."

"எந்த நிறமெண்டா என்ன, இன்சுலின் ஊசிதான்."

"அதே ஆறு கோடுதானே டொக்டர்?"

"ஓம், அதேதான்."

ஞானமுத்துவாக இருந்தால் இறங்கியிருப்பார். ஐந்து நிமிட வேலை.

அன்று பின்னேரத்துக்குப் பூரணத்திடம் பழைய ஊசி ஒன்று இருந்தது. அடுத்த நாள் காலையில்தான் சிவப்பு மூடியைத் திறந்திருக்கிறார். பத்து மணியளவில் ஆள் வந்தது. நான் போனபோது ராணி பாடசாலை விறாந்தையில் பக்கவாட்டில் கிடந்து நான்கு காலையும் அடித்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. பூரணம் சீனிக் கரைசலை விரலால் தொட்டுத் தொட்டு முரசில் தேய்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்லிக்கொடுத்தபடியே, நாய் கடித்துவிடாதபடி கன்னப்பக்கமாக. என்னிடமிருந்த சோதனைப் பட்டிகள் உப்புத்தண்ணீர் பட்டுப் பழுதாகியிருந்தன. பட்டி தேவைப்படவும் இல்லை. முன்னங்காலில் மயிரைச் சிரைத்து நரம்பு பிடித்துக் குளுக்கோஸ் ஏற்றினேன்.

அரை மணியில் ராணி தலையைத் தூக்கியது. பூரணத்தின் கையை நக்கியது. எல்லோரும் மூச்சுவிட்டோம். ஆனால் அந்த இன்சுலின் பல மணி நேரம் வேலை செய்யும் வகை. போத்தல் முடிந்ததும் திரும்பவும் வலிப்பு வந்தது. இரண்டாவது போத்தலுக்கு ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பினேன். காத்திருந்த நேரத்தில் கேட்டேன்:

"எத்தினை கோடு போட்டீங்க?"

"ஆறு."

"சாப்பிட்டதா?"

"சட்டிய நக்கிட்டுது."

"சரியாப் பாத்தா இழுத்தீங்க?"

"பாத்துத்தான் டொக்டர்."

அவர் முகத்தைப் பார்த்தேன். "கண்ணாடி எங்க?"

"அது கடலோட போயிட்டுதே."

"கண்ணாடி இல்லாம இழுத்தா கோடு பிழைக்கும்தானே, தங்கச்சி."

அவர் ராணியின் காதைத் தடவினார். "ஆறு எண்டுதான் தெரிஞ்சிச்சு" என்றார். பிறகு, "அப்ப என்ட கண்தான்" என்றார்.

இரண்டாவது போத்தல் வந்தது, ஏற்றினேன், போதவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு ராணி செத்தது.

இதுவரை நடந்ததை அறியாமை என்று சொல்லலாம். இனிச் சொல்வதை அப்படிச் சொல்ல முடியாது. சாமான்களைப் பொறுக்கும்போது அவர் பாவித்த ஊசியும் என் பைக்குள் வந்துவிட்டது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து அதை வெயிலில் பிடித்தேன். குழலின் பக்கத்தில் சின்னதாக "40" என்று இருந்தது. எங்கள் பழைய ஊசியில் "100" என்று இருக்கும்.

இன்சுலின் இரண்டு செறிவில் உண்டு. ஒரு மில்லிலீற்றரில் நூறு அலகு உள்ளது ஒன்று, நாற்பது அலகு உள்ளது மற்றது. ஒவ்வொன்றுக்கும் தனி ஊசி. எங்களிடம் இருந்த மருந்து நூறு. அதை நாற்பதுக்கான ஊசியில் இழுத்தால், கோடு ஒன்றுக்கு ஓர் அலகு அல்ல, இரண்டரை அலகு ஏறும். ஆறு கோடு இழுத்தால் பதினைந்து அலகு. பூரணம் ஆறு கோட்டைத்தான் இழுத்திருந்தார். ஒரு மயிரளவும் பிழைக்காமல் இழுத்திருந்தார்.

ஜீப் அப்போது பாடசாலை முற்றத்தை விட்டு நகரவில்லை. பூரணம் குழாயடியில் ராணியின் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. இருபது அடி தூரம். நான் சாரதியிடம், "எடுங்க, போவம்" என்றேன்.

பயத்தினால் அல்ல. அந்த நாட்களில் ஒரு நாய்க்காக என்னை எவரும் விசாரித்திருக்க மாட்டார்கள். பிழைவிடாதவன் என்று என்னைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தை அந்த இருபது அடி நடந்து உடைக்க எனக்கு மனமில்லை. இத்தனை மனிதர் செத்த இடத்தில் நாய் ஒன்றுதானே என்றும் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளே சிவப்பு மூடிப் பெட்டிகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, மனிதர் எவருக்கும் போய்ச் சேராமல் ஒதுக்கினேன். அதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அலுவலகத்தில் இருந்த ராணியின் அட்டையில், "உரிமையாளர் அளவு தவறியிருக்கலாம்" என்று எழுதி மூடினேன்.

சில மாதம் கழித்துத் தையல் தெரிந்த பெண்களுக்கு மெசின் கொடுத்தார்கள். பட்டியலில் பூரணத்தின் பெயரும் இருந்தது. அவர் வாங்கவில்லை என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டேன்.

"கோடு தெரியாதவளுக்கு மெசின் என்னத்துக்கு டொக்டர்? ஊராக்கள்ட துணிய வெட்டிப் பழுதாக்கவா?"

அவர் இறால் உரிக்கும் கொட்டில் ஒன்றுக்கு வேலைக்குப் போனார். அதற்குப் பார்க்கத் தேவையில்லை, விரல் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போய், புதுக் கண்ணாடி செய்வித்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தார். "நல்லாத் தெரியுது டொக்டர். அண்டைக்கு இது இருந்திருந்தா ராணி இருந்திரிக்கும்" என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கண்ணாடி போட்ட பிறகும் அவர் துணி வெட்டவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், புனர்வாழ்வு முகாமிலிருந்து விடப்பட்ட சசி என் அலுவலகத்துக்கு வந்தான். இருபத்து மூன்று வயது, இடக்காலைச் சற்று இழுத்து நடந்தான். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அம்மா எனக்கு முன்னால வந்து நிக்கமாட்டேங்கிறா. ராணியத் தான்தான் சாகடிச்சதாம். நான் வந்து ஒரு மாசமாகுது, மன்னிச்சுக்க மனே எண்டு ஒரே அழுகை. ஒரு நாய்க்கு இப்பிடியா? நீங்கதானே பாத்த டொக்டர். என்ன நடந்த?"

நான் மேசை லாச்சியைத் திறந்தேன். சிவப்பு மூடி ஊசி ஐந்து வருடமாக அதற்குள்தான் கிடந்தது. அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை எனக்கிட்டச் சொல்லி என்ன? அவவுக்கிட்ட வந்து சொல்லுங்க" என்றான்.

அன்றே போனோம். புது வீட்டு விறாந்தையில் பூரணம் கதிரை போட்டு, எனக்குப் பால் விடாத தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் சிவப்பு ஊசியையும் செம்மஞ்சள் ஊசி ஒன்றையும் மேசையில் வைத்துச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். ஜீப் முற்றத்தில் நின்றதையும் சொன்னேன்.

பூரணம் உள்ளே போய் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். நான் குடிக்காமல் வைத்திருந்த தேத்தண்ணியில் செம்மஞ்சள் ஊசியை விட்டு ஆறு கோடு இழுத்துத் துணியில் அடித்தார். பிறகு சிவப்பு ஊசியில் ஆறு கோடு இழுத்து, பக்கத்தில் அடித்தார். முதல் கறை சின்னப் பொத்தான் அளவில் இருந்தது. மற்றது பரவி அதை எட்டித் தொட்டது. புது ஊசி கொடுத்தால் முன்னால் இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று ஞானமுத்து சொன்னதை, ஐந்து வருடம் பிந்தி, எவரும் கேட்காமல் அவர் செய்துகொண்டிருந்தார்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அந்தத் துணியில் இருந்தது. பேனா ஊசியானாலும் சரி, அடுத்து வரப்போவது எதுவானாலும் சரி, புதிது கொடுக்கும் நாளில் வாகனத்தை விட்டு இறங்குங்கள்.

பூரணம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். வெறுங்கண்ணோடு சிவப்பு ஊசியில் இன்னொரு தரம் ஆறு கோடு இழுத்தார். அதை மகனிடம் நீட்டினார்.

"எத்தினை எண்டு எண்ணு மனே."

சசி வெளிச்சத்தில் பிடித்து எண்ணினான். "ஆறு அம்மா."

"சரியாப் பாரு."

"ஆறுதான்."

"கண் பிழைக்கல்ல" என்றார் பூரணம், எங்கள் இருவருக்கும் என்றில்லாமல். பிறகு அவனிடம், "நாளைக்கு ரவுனுக்குப் போனா நல்ல கத்திரிக்கோல் ஒண்டு வாங்கிட்டு வா" என்றார்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழும்பினேன். சசி கேற்றைத் திறந்து விட்டான்.

"போயிட்டு வாறன் தங்கச்சி" என்றேன்.

எங்கள் பக்கத்தில் வாசலைத் தாண்டும் எவருக்கும், பிடிக்காதவருக்கும்கூட, போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். பூரணம் துணித்துண்டை நான்காக மடித்துக்கொண்டே சொன்னார்.

"போங்க."